பழைய சிறிய கார்களின் பின்சக்கர பேரிங்: சரிசெய்தலும் மாற்றுதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி-பதில் எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

எஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகிற, பின்னால் டிரம் பிரேக் உள்ள பழைய சிறிய கார்களுக்குப் பொருந்தும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 எண்களோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800 இதற்கு நல்ல உதாரணம். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஸ்டப் ஆக்ஸில் எனப்படும் சுழலாத குட்டை அச்சின் மேல் இரண்டு பேரிங்குகளும், அவற்றின் மேல் பிரேக் டிரம்மும் உட்கார்ந்திருக்கும். டிரம்மோடு சேர்ந்து சக்கரம் சுற்றும்.

ஆம்னி, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் பின்சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. அங்கே பேரிங் ஆக்ஸில் ஷாஃப்டின் மேல் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதைக் கழற்ற ஷாஃப்டையே உருவ வேண்டும். அழுத்தி ஏற்றவும் கழற்றவும் உதவும் பிரஸ் எனும் இயந்திரம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அது வேறு வேலை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

என் வண்டியில் உள்ள பேரிங் சரிசெய்யக்கூடிய வகையா, இல்லையா என்பதை எப்படி அறிவது?

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பின்சக்கர பேரிங் ஆயுள் முடிந்து போவதைவிடத் தவறான இறுக்கத்தால் போவதே பட்டறைகளில் அதிகம் காணப்படுகிறது. ஒரு வகைக்குரிய இறுக்கத்தை மற்றொரு வகைக்குக் கொடுப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் வகை டேப்பர் ரோலர் பேரிங். இதன் உருளைகள் ஒரு முனை சிறுத்துச் சாய்வாக அமைந்திருக்கும். உருளைகளோடு கூடிய உள்பகுதியைக் கோன் என்றும், ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பதிந்திருக்கும் வெளி வளையத்தைக் கப் என்றும் சொல்வார்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரியும். கோச்சு வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சக்கரம் மேலிருந்து சுமையைத் தாங்குவதோடு திருப்பத்தில் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்க வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே பேரிங் ஏற்கும்படி உருளைகளைச் சாய்த்து வைத்தார்கள். நட்டை எவ்வளவு முடுக்குகிறோமோ அந்த அளவுக்குக் கோன் கப்புக்குள் நெருங்கும். எனவே இறுக்கத்தை நிர்ணயிப்பது நட்டைத் திருப்பும் கைதான். ஐரோப்பிய வழிவந்த பழைய சிறு கார்கள் பலவற்றில் இந்த வகை உண்டு.

இரண்டாவது வகை பால் பேரிங். டிரம்மின் நடுத்துளையில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேரிங்குகள் அழுத்திப் பொருத்தப்பட்டு, இடையில் ஸ்பேசர் எனப்படும் ஒரு குழாய்த்துண்டு இருக்கும். நட்டை முடுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு உள்வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக அடுத்த உள்வளையத்துக்குப் போய், அங்கிருந்து அச்சின் தோள்பட்டையில் முட்டி நின்றுவிடுகிறது. குண்டுகளின் மேல் அது விழுவதில்லை. எனவே இந்த வகையில் சரிசெய்வதற்கு எதுவும் இல்லை. குறிப்பிட்ட முழு டார்க்குக்கு, அதாவது புத்தகம் சொல்லும் முடுக்கு அளவுக்கு, முடுக்க வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாருதி 800 இந்த வகையைச் சேர்ந்தது.

அச்சின் முனையை மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைக் கழற்றியவுடன் தலையில் வெட்டுகள் கொண்ட கேசில் நட்டும் அதன் குறுக்கே காட்டர் பின்னும் தெரிந்தால் அது டேப்பர் வகைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு வகையிலும் அந்த நட் வரும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்ப்பதோ, டிரம்மைக் கழற்றி ஸ்பேசர் இருக்கிறதா என்று பார்ப்பதோதான் உறுதியான வழி.

பேரிங் போய்விட்டது என்பதை ஓட்டும்போதே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். வேகம் கூடக் கூட ஏறுகிற, வேகம் குறைந்தால் இறங்குகிற ஒரு தொடர்ச்சியான முனகல் கேட்கும். காவேரிப்பட்டணம் பக்கம் நெடுஞ்சாலையில் நேரான ஒரு பகுதியில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சில நொடிகள் உருள விடுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். எஞ்சின் சத்தம் தணிந்த பிறகும் முனகல் அப்படியே இருந்தால் அது சக்கரத்திலிருந்து வருகிறது.

டயர் ஓசையும் இதே போலத்தான் இருக்கும். ஆனால் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது டயர் ஓசையின் குரல் மாறும். பேரிங் ஓசை மாறாது. இன்னொரு சோதனை, மெதுவான வேகத்தில் இடமும் வலமுமாக லேசாக வளைத்துப் பார்ப்பது. வலப்பக்கம் திருப்பினால் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், இடப்பக்கப் பேரிங் கெட்டிருந்தால் முனகல் கூடும். இது பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. முன்சக்கர பேரிங்கின் ஓசைகூடக் காருக்குள் பின்னாலிருந்து வருவது போலக் கேட்பதுண்டு. எனவே காதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிவிடாமல் ஜாக்கி ஏற்றிக் கையால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஜாக்கி ஏற்றிய பிறகு என்னென்ன பார்க்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வேலைக்காக அதை விடுவித்தாக வேண்டியிருப்பதால், வண்டி நகராமல் இருப்பது முழுக்க முன்பக்கக் கட்டைகளையும் கியரையும் நம்பியது. தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி, அல்லது ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது. அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும்.

பிறகு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், அது பேரிங்கிலா, சஸ்பென்ஷன் புஷ்ஷிலா என்று பிரிக்க எளிய வழி உண்டு: ஒருவரைப் பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம். மறையாமல் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங் காதுக்குக் கேட்காத நிலையிலும், மணல் அரைபடுவது போன்ற ஒரு நரநரப்பு அந்தக் கம்பியின் வழியாக விரலுக்குத் தெரியும். நல்ல பக்கத்தையும் இதே போலச் சோதித்து ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது.

லேசான ஆட்டம் இருக்கிறது. உடனே முடுக்கிவிடலாமா?

டேப்பர் வகையாக இருந்தால், அந்த லேசான ஆட்டம் இருக்க வேண்டியதே. பொதுவாக அச்சின் நீளவாக்கில் 0.025 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை ஆட்டத்தை இந்த வகைக்கு அனுமதிப்பார்கள். அது ஹப்பில் அளக்கும் அளவு. சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது அது பெருகிக் கைக்கு மெல்லிய ‘டிக்’ என்று தெரியலாம். வண்டிக்காரர் ‘வீல் ஆடுது’ என்று சொல்ல, மெக்கானிக் ஒரு சுற்று முடுக்கி ‘இப்போ கல்லு மாதிரி இருக்கு’ என்று அனுப்பிவிடுவது நம் பக்கத்தில் அன்றாடக் காட்சி. அந்தப் பேரிங்குக்குக் கேடு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

காரணம் இதுதான். இடைவெளி இல்லாமல் முடுக்கப்பட்ட டேப்பர் பேரிங் ஓடும்போது சூடாகும். சூட்டில் உருளைகளும் கோனும் விரியும். விரிய இடம் இல்லாததால் இறுக்கம் மேலும் கூடும். அதனால் மேலும் சூடாகும். இதோடு தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போதோ, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு வளைவுகளில் இறங்கும்போதோ பிரேக்கை மிதித்தபடியே வந்தால், டிரம்மின் சூடும் ஹப்பின் வழியாக அதே பேரிங்குக்குத்தான் வந்து சேர்கிறது. கிரீஸ் உருகி, அதை உள்ளே அடக்கி வைக்கும் ஆயில் சீல் எனும் ரப்பர் வளையத்தைத் தாண்டிப் பிரேக் ஷூவின் மேல் வழியும். இறக்கத்தில் பிரேக் பிடிமானம் குறையும் நேரமும் பேரிங் நீலம் பூக்கும் நேரமும் ஒன்றாகவே வந்துவிடும். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது பிரேக்குக்காக மட்டும் அல்ல.

பால் பேரிங் வகையில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் முதலில் நட் உரிய டார்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். டார்க் சரியாக இருந்தும் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் முடுக்குவதால் நட்டின் மரைதான் போகும்.

டேப்பர் பேரிங்கை எப்படிச் சரியாக அட்ஜஸ்ட் செய்வது?

டஸ்ட் கேப்பை உளியின் முனையால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்து, காட்டர் பின்னை உருவிவிடுங்கள். பழைய பின்னை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஒரு முறை வளைத்து நிமிர்த்திய கம்பி இன்னொரு வளைப்பில் முறியும்.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரம் ஷூவில் உரசாமல் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றியபடியே மறு கையால் நட்டை ஏறத்தாழ 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது 2 முதல் 3 கிலோகிராம்-மீட்டர் வரை, முடுக்குங்கள். சுற்றிக்கொண்டே முடுக்குவது முக்கியம். அப்போதுதான் உருளைகள் கப்பில் நேராகப் படிந்து உட்காரும், இடையிலிருக்கும் கிரீஸும் ஒதுங்கும். நின்ற சக்கரத்தில் முடுக்கினால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை.

பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, ஸ்பேனர் இல்லாமல் விரல்களால் மட்டும் முடுக்குங்கள். நட்டுக்கு அடியில் உள்ள தடித்த வாஷரை ஸ்க்ரூடிரைவரின் முனையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நெம்பாமல், விரல் பலத்தில் லேசாகத் தள்ளினாலே அது நகர வேண்டும், ஆனால் தளதளவென்று தானாக ஆடக் கூடாது. ஐரோப்பிய வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்கள் பலவற்றில் உள்ள முறை இது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாத பட்டறைக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது.

காட்டர் பின்னின் துளையும் நட்டின் வெட்டும் நேர்ப்படவில்லை என்றால், அடுத்த வெட்டு வரும்வரை தளர்த்த வேண்டுமே ஒழிய முடுக்கக் கூடாது. புதிய பின்னைச் செருகி, ஒரு காலை அச்சின் முனை மேல் மடித்து, அது டஸ்ட் கேப்பின் உட்புறத்தில் உரசாதபடி வெட்டிவிடுங்கள். உங்கள் மாடலின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதியானது.

மாற்றுவதாக இருந்தால் டிரம் கழன்று வருவதில்லையே?

பெரும்பாலும் அது பேரிங் பிடித்துக்கொண்டதால் அல்ல. டிரம்மின் உட்புறம் தேய்ந்து விளிம்பில் ஒரு வரப்பு எழுந்திருக்கும். பிரேக் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். ஷூவின் இடைவெளியை நிர்ணயிக்கும் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி, ஹேண்ட் பிரேக் கேபிளையும் தளர்த்தினால் ஷூ உள்வாங்கி வழிவிடும். ஜப்பானிய வழிவந்த டிரம்கள் பலவற்றில் இரண்டு மரைத்துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் போல்ட்டுகளைப் பூட்டி மாறி மாறி முடுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். வார்ப்பிரும்பு டிரம்மின் விளிம்பில் சம்மட்டியால் அடிப்பது வெடிப்பில்தான் முடியும்.

நட் திரும்ப மறுத்தால், அதன் மரை வலமா இடமா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சில மாடல்களில் ஒரு பக்கம் இடமரை உண்டு; அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை ஏர் பிடித்து ஊதக் கூடாது. பழைய வண்டிகளின் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே நல்லது.

பழைய பேரிங்கை எடுப்பதிலும் புதியதை ஏற்றுவதிலும் கவனிக்க வேண்டியவை யாவை?

டேப்பர் வகையில் கப்பின் பின்புறம் ஹப்பில் எதிரெதிராக இரண்டு பள்ளங்கள் இருக்கும். பித்தளைக் கம்பியை அந்தப் பள்ளங்களின் வழியே கப்பின் விளிம்பில் நிறுத்தி, ஒரு பக்கம் ஒரு தட்டு, மறுபக்கம் ஒரு தட்டு என மாறி மாறித் தட்டினால் கப் சாயாமல் நேராக இறங்கி வரும். ஒரே பக்கம் அடித்தால் அது கோணலாகி ஹப்பின் துளையைக் கீறிவிடும். புதிய கப்பை ஏற்றும்போது, பழைய கப்பின் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டு அதையே மேலே வைத்துத் தட்டலாம். கப் இறங்கும்போது ஓசை கணீரென்று இருக்கும்; அடியில் போய் முட்டியதும் அந்த ஓசை மட்கிப்போகும். அந்த மாற்றத்தைக் கேட்ட பிறகும், சுற்றிலும் விளக்கைப் பிடித்து இடைவெளி இல்லையே என்று பார்த்துவிட வேண்டும். கோனும் கப்பும் ஒன்றாகத் தேய்ந்த ஜோடி என்பதால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது வீண் செலவு.

பால் பேரிங் வகையில் ஒரே விதிதான், ஆனால் அதைத்தான் அதிகம் மீறுகிறார்கள்: அடியின் விசை குண்டுகளின் வழியாகப் போகக் கூடாது. டிரம்முக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்கள் தடத்தில் விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே முனகத் தொடங்கும். ‘புதுசு போட்டும் சத்தம் போகலை’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். லேத் பட்டறையில் பிரஸ் இருந்தால் டிரம்மை அங்கே எடுத்துப் போய்ச் செய்துவிடுவதே உத்தமம். முதல் பேரிங்கைப் போட்டதும் ஸ்பேசரை வைக்க மறக்கக் கூடாது. ஸ்பேசர் இல்லாமல் பூட்டிய சக்கரமும் சுற்றத்தான் செய்யும், ஆனால் நட்டின் முழு அழுத்தமும் குண்டுகளின் மேல் விழும். ஒருபக்கம் மட்டும் மூடியுள்ள பேரிங்குகளில் மூடிய பக்கம் டிரம்முக்கு வெளிப்புறமாகவும், திறந்த பக்கம் கிரீஸ் இருக்கும் நடுப்பகுதியை நோக்கியும் அமைய வேண்டும். கடைசி நட்டின் டார்க் மாடலுக்கு மாடல் வேறுபடும். டேப்பர் வகையின் தொடக்க முடுக்கத்தைப் போல அது பல மடங்கு இருக்கும் என்பதால், இங்கே விரல் முடுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹப்பின் துளையில் பேரிங் லூசாக விழுகிறது. பஞ்ச் அடித்துப் போடலாமா?

துளையின் உட்சுவரில் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்கிவிட்டுப் பேரிங்கை ஏற்றுவதும், டப்பாத் தகட்டை வெட்டி இடையில் செருகுவதும் நம் ஊரில் பழகிய வைத்தியங்கள். அந்தப் புள்ளிகளின் முனையில் மட்டும் பேரிங் நிற்பதால், சில வாரங்களில் அவை நசுங்கி மறுபடி லூசாகும். வெளிவளையம் துளைக்குள் சுற்றத் தொடங்கினால் டிரம் வீணாகிவிடும். வேறு டிரம் தேடுவதே சரி. மாருதி 800க்கு டிரம் கிடைப்பது இன்னும் கடினமில்லை. கிடைக்காத மாடலுக்கு நல்ல லேத்தில் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் போட்டுக் கடைந்து தருவார்கள்.

ஸ்டப் ஆக்ஸில் தேய்ந்திருந்தால் அதன் மேல் வெல்டிங் ஏற்றிக் கடைவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த உருக்கின் பதம் கெட்டுவிடும். முறிந்தால் சக்கரம் தனியே போய்விடும் இடம் அது.

எந்தக் கிரீஸ், எவ்வளவு?

‘வீல் பேரிங் கிரீஸ்’ என்று டப்பாவில் அச்சிட்ட லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் வேண்டும். அது உருகிச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலை பொதுவாக 250 டிகிரிக்கும் மேல். டிராக்டர் நிப்பிளுக்கு அடிக்கும் மலிவான கால்சியம் கிரீஸ் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பம்பு செட்டுக்கும் டிராக்டருக்கும் வாங்கி வைத்த டப்பாவிலிருந்து காருக்கும் எடுத்துப் பூசுவது கிராமங்களில் சகஜம். பின்சக்கரத்துக்கு அது ஆகாது. பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலப்பதும் கூடாது. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே புதியதை இட வேண்டும். உலர்த்துவதற்காக ஏர் பிடித்துப் பேரிங்கைச் சுழற்றி விளையாடாதீர்கள்.

டேப்பர் கோனுக்குக் கிரீஸ் ஊட்டுவது விரலால் பூசும் வேலை அல்ல. உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, கோனின் அகலமான பக்க விளிம்பை அதில் குத்திக் குத்தி வழித்தால், உருளைகளுக்கு இடையே கிரீஸ் ஏறி மறுபக்கம் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும். சுற்றிலும் எல்லா இடத்திலும் அப்படி வரும்வரை செய்ய வேண்டும். ஹப்பின் நடுக்குழியை முழுவதும் நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். நிரம்ப அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில்தான் வழியும். இருபுறமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்குக்குக் கிரீஸ் தேவையில்லை. ஆலையிலேயே இட்டு மூடியிருப்பார்கள்.

ஆயில் சீலையும் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிரீஸை நோக்கி இருக்கட்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டுப் பூட்டுங்கள்.

நம் பகுதியில் பேரிங் சீக்கிரம் போவதாகத் தோன்றுகிறதே, உண்மையா?

கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் தினமும் போய்வரும் வண்டிகளுக்கு அப்படித் தோன்றினால் வியப்பில்லை. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் துகள் பேரிங்கின் உருக்கைக் கீறும் அளவுக்குக் கடினமானது. சீல் வெடித்த அல்லது டஸ்ட் கேப் நசுங்கிய சக்கரத்தில் அது உள்ளே புகுந்தால் கிரீஸே சாணைப் பசையாகிவிடுகிறது.

தண்ணீர் அதைவிட மோசமானது. தென்பெண்ணை ஆற்றில் இறக்கிக் கழுவுவதும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயைச் சக்கரத்தின் நடுவே நேராகப் பிடிப்பதும் சீலைத் தாண்டி நீரை உள்ளே அனுப்பும். ஓடிச் சூடான ஹப் திடீரென்று நீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒகேனக்கல் போய்ச் சேர்ந்த கையோடு வண்டியைக் கழுவ நினைப்பவர்கள் ஒரு டீ குடித்துவிட்டுத் தொடங்கலாம்.

பாரமும் ஒரு காரணம். மாம்பழப் பருவத்தில் பின்சீட்டை மடக்கி டிக்கியின் கூரை முட்ட மாங்காய்க் கிரேடுகளை அடுக்கிச் செல்லும் சிறிய கார்களைப் பார்க்கிறோம். பால் பேரிங்கின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கானால் அதன் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். அது பேரிங் பொறியியலின் அடிப்படைக் கணக்கு.

பேரிங் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்கலாமா? போலியை எப்படித் தவிர்ப்பது?

எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். பால் பேரிங்கின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 04 முதல் மேலுள்ள எண்களுக்கு இது பொருந்தும். 6204 என்றால் உள்துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். 6304 என்றால் உள்துளை அதே 20தான், ஆனால் வெளிவிட்டம் 52, அகலம் 15. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. சி3 என்றிருந்தால் உள் இடைவெளி வழக்கத்தைவிடச் சற்று அதிகம். இவற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். டேப்பர் பேரிங்கில் கோனுக்கும் கப்புக்கும் தனித்தனி எண் இருக்கும்.

கார் ஸ்பேர் கடையில் ‘அந்த மாடலுக்கு வர்றதில்லை’ என்று சொல்லிவிட்டால், ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையில் காரின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிக் கேளுங்கள். பேரிங்குக்கு அது எந்த வண்டியில் ஓடப்போகிறது என்பது தெரியாது.

எஸ்கேஎஃப், டிம்கன், என்பிசி போன்ற பெயர்களுக்குப் போலிகள் உண்டு. பெட்டியின் அச்சைவிட வளையத்தின் மேல் பொறித்துள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து ஆழம் சீராக இல்லாமல் இருந்தாலோ, பெட்டியிலுள்ள எண்ணும் வளையத்திலுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டாலோ, விலை நம்ப முடியாதபடி குறைவாக இருந்தாலோ வேண்டாம் என்று விடுங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடையும் அப்படியே.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

போதும். ஆனால் கெட்ட பக்கத்தில் உள்பேரிங், வெளிபேரிங் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றிலிருந்து உதிர்ந்த உருக்குத்தூள் அதே கிரீஸின் வழியாக மற்றதற்கும் போயிருக்கும்.

கழற்றிய பழைய பேரிங்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

தூக்கி எறிவதற்கு முன் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலமோ வைக்கோல் நிறமோ படிந்திருந்தால் அது சூட்டில் போனது: மிகை இறுக்கம், கிரீஸ் வறட்சி, அல்லது உரசிக்கொண்டே இருந்த பிரேக். உருளைகளின் இடைவெளிக்குச் சமமான தூரத்தில் செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் தண்ணீர் புகுந்து, வண்டி நின்ற நாட்களில் துரு பிடித்திருக்கிறது. பளபளப்பு இல்லாமல் ஒரே சீராக மங்கியிருந்தால் தூசி. கப்பின் தடத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் செதில் செதிலாக உருக்கு உரிந்திருந்தால் கப் கோணலாக உட்கார்ந்திருந்தது. வேறு எந்தக் குறையும் இல்லாமல் தடம் உரிந்திருந்தால் மட்டுமே அது தன் ஆயுளை வாழ்ந்து முடித்தது என்று சொல்லலாம், அப்படிப்பட்டவை குறைவு. காரணத்தைக் கண்டுபிடித்து நீக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

வேலை முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கிரீஸ் பட்ட ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடாமல் புதிதாக மாற்றுங்கள். லைனிங் உறிஞ்சிய கிரீஸ் சூட்டில் திரும்ப வெளிவரும். சக்கரத்தைப் பூட்டியதும் ஷூ அட்ஜஸ்டரையும் ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்து, மிதி உயரத்துக்கு வரும்வரை பிரேக்கைச் சில முறை மிதித்துவிட்டே வண்டியை நகர்த்துங்கள்.

பதினைந்து கிலோமீட்டர் போல, பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின் டஸ்ட் கேப்களையும் புறங்கையால் மெல்ல நெருங்கிப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு, அல்லது மறுபக்கத்தைவிடத் தெளிவாக மிகுந்த சூடு இருந்தால் இறுக்கம் அதிகம் அல்லது பிரேக் உரசுகிறது. டேப்பர் வகையில் புதிய கப் இன்னும் கொஞ்சம் படியக்கூடும் என்பதால், சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறை ஜாக்கி ஏற்றி வாஷர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வீல் நட்டுகளையும் அப்போதே ஒரு முறை பார்த்துவிடலாம்.